வைகையின் கடைமடையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மும்

1/ ராமநாதபுரம் மாவட்டத்துல ட்யூட்டி பார்த்த காலம். டெங்கு காய்ச்சலோட பேரனைச் சேர்த்திருந்த அப்பத்தாகிட்ட, "வீட்ல தண்ணிய ரொம்ப நாள் சேத்து வைக்காதீங்க"ன்னு சொன்னேன்.

"எட்டு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருது தம்பி. சேத்து வைக்காம எதக் குடிக்க?"

என்கிட்ட பதில் இல்ல.

2/ பதில் தேடினா 200 வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

3/ வைகை வருசநாட்டு மலையில் பிறந்து தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை தாண்டி ராமநாதபுரம் வருது. சுமார் 258 கி.மீ. வற்றாத ஆறு இல்ல. மழைக்காலத்துல நாலு நாள் வெள்ளம், அப்புறம் மணல்தான்.

4/ அந்த நாலு நாள் வெள்ளத்தைப் பிடிக்கத்தான் கண்மாய்கள். ஒரு கண்மாய் நிரம்பினா கலுங்கு வழியா அடுத்த கண்மாய். கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். தூர் வாருறது ஊரோட பொறுப்பு: குடிமராமத்து. 1858-ல் ஆங்கிலேயர் இதைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினாங்க. சட்டம் தேவைப்பட்டதுன்னாலே வழக்கம் தளர்ந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?

5/ மேற்கே ஓடுற பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம்ங்கிற யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைகிட்ட இருந்து. பணம் இல்லாம நின்னுபோச்சு.

6/ 1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகுதான் வேகம் வந்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 1895-ல் பென்னிகுவிக் அணையை முடிச்சார். காலரா, மலேரியாவில் செத்த தொழிலாளர்கள் ஏராளம். அவங்க பேரு யாருக்கும் தெரியாது.

7/ தண்ணி கம்பம் பள்ளத்தாக்கையும் மதுரை, மேலூரையும் செழிக்க வெச்சது. யோசனை சொன்ன ஊர் கடைமடையாவே இருந்தது. 1959-ல் வைகை அணை வந்தது. பழைய ஆயக்கட்டுப் பங்கு ராமநாதபுரம் 7, சிவகங்கை 3, மதுரை 2. தாள்ல பெரிய பங்கு நமக்குத்தான். ஆனா பாதித் தூரத்துலயே மணல் குடிச்சிடும். வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம்.

8/ நிலத்தடி நீர் பல இடத்துல உப்பு. அதனால குடிநீர் திருச்சிப் பக்கம் காவிரியில இருந்து குழாயில வருது. அந்தக் குழாய்க்கும் கடைமடை ராமநாதபுரம்தான்.

9/ இப்ப மருத்துவத்துக்கு வருவோம். ஏடிஸ் கொசு முட்டையில இருந்து பறக்கிற கொசுவாக ஆகறதுக்கு சுமார் 7-10 நாள். தண்ணி வர்றது 8 நாளைக்கு ஒருக்கா. கணக்கு புரியுதா? வறட்சியிலயும் டெங்கு வர்றதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். கொசு வளர்றது நம்ம டிரம்முக்குள்ள.

10/ இன்னைக்கே செய்யக்கூடியது: டிரம் வாயில வேட்டித்துணியை இறுக்கிக் கட்டுங்க. தண்ணி பிடிக்கிறதுக்கு முன்னாடி உள்சுவரை நல்லா தேய்ச்சுக் கழுவுங்க. சுவர்ல ஒட்டின முட்டை காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட இருக்கும். வெறுமனே கவிழ்த்து வெச்சா போதாது.

11/ ஆனா பழியை மொத்தமா டிரம் மேல போட மனசு வரல. புகை அடிக்கிறதை விட, மூணு நாளைக்கு ஒரு தடவ குழாயில தண்ணி வந்தா பெரிய டெங்கு தடுப்பு அதுதான்.

இன்னைக்கு அந்த அப்பத்தாவைப் பார்த்தா, "சேத்து வைக்காதீங்க"ன்னு சொல்ல மாட்டேன். "மூடி வைங்க, தேய்ச்சுக் கழுவுங்க. தண்ணி கேட்கிற சண்டையில நானும் உங்க பக்கம்தான்"ன்னு சொல்வேன்.

உங்க ஊர்ல எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது? கீழ சொல்லுங்க.