மூக்கின் சத்திரசிகிச்சையும் நோவு தணிப்பும்

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த குளிகாரர், கல்லின் துணைகொண்டு ஆழத்தில் இறங்கும்போது மூக்கை அடைத்துக்கொள்வர். தமிழர் கைவிரல்களாற் பற்றினர். அராபியர் கொம்பினாற் செய்த கவ்வியை இட்டனர். மூச்சின் வாயில் மூக்கே என்பதை அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளிற் கூடிய அம்மக்கள் தொழிலாலே அறிந்திருந்தனர். அவ்வாயிலிற் கத்தி படுமிடத்து எழும் நோவை மாந்தர் எவ்வாறு தணித்து வந்தனர் என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

மூக்கைப் புதிதாக அமைக்குங் கலை பாரத நாட்டிற் பழமையானது. கன்னத்துத் தோலால் மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறும். சத்திரமிடுமுன் நோயாளிக்கு மது கொடுக்கவும் விதிக்கும். திப்பு சுல்தானுடன் ஆங்கிலேயர் பொருத போரிற் சிறைப்பட்டு மூக்கிழந்த கவாஸ்ஜி என்னும் வண்டிக்காரனுக்குப் புனே அருகில் நெற்றித் தோலால் மூக்கமைக்கப்பட்டது. அச்செய்தி 1794இல் இலண்டன் இதழொன்றில் வெளிவர, யோசேப்பு கார்ப்பியூ 1814இல் இங்கிலாந்தில் அம்முறையைக் கையாண்டார். கலை கடல் கடந்தது, நோவோ குறைந்திலது.

1846இற் பொஸ்ரன் நகரில் ஈதரும், 1847இல் எடின்பரோவிற் குளோரபோமும் அக்குறையை நீக்கத் தொடங்கின. 1847இலேயே இலங்கைக்கு வந்த சாமுவேல் கிறீன், மன்னாருக்கு வடக்கே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திரநூல் அவர் முயற்சியால் 1867இல் வெளிவந்தது.

எனினும், மயக்கந் தெளிந்தபின் எழும் நோவு வேறொரு சிக்கலாகும். அபினிலிருந்து பெறப்படும் மோர்பின் அதற்குரிய மருந்தாயிற்று. 1853இல் அலெக்சாண்டர் வூட் அதனைத் தோலின் கீழ் ஊசியாற் செலுத்தினார். பின்னர் நாளத்திற் செலுத்தும் முறையும் வழக்கிற்கு வந்தது. அது கடுநோவையும் அடக்கும். ஆயின், குமட்டலை உண்டாக்கும். அளவு மிகின் மூச்சையும் தளர்த்தும். பஞ்சு அல்லது துணியால் மூக்கு அடைக்கப்பட்டு, வாயால் மூச்சுவிடும் நோயாளிக்கு இஃது அஞ்சத்தக்கதே.

1980களின் இறுதியில் வழக்கிற்கு வந்த கெற்றோரொலாக் மூச்சைத் தளர்த்துவதில்லை. ஆயினும், குருதி உறைதற்குத் துணைசெய்யும் சிறுதட்டுக்களின் செயலைக் குறைக்கும். குருதிக்குழாய்கள் செறிந்த மூக்கில் அதுவும் எண்ணிப்பார்க்க வேண்டியதே. சிறுநீரக நோயாளருக்கு அது பொருந்தாது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவிய நாளவழிப் பரசிற்றமோல், மூச்சையுந் தளர்த்தாது, குருதிப்பெருக்கையும் மிகுவிக்காது. வளர்ந்தோர்க்கு 1 கிராம் மருந்தை 15 நிமிடத்திற் செலுத்துவர். ஆற்றல் மோர்பினிலும் குறைவு. அளவு மிகின் ஈரலைத் தாக்கும். ஆதலின், பரசிற்றமோலை அடிப்படையாகக் கொண்டு, தேவைக்கேற்ப ஏனையவற்றைச் சேர்ப்பதே இக்கால மருத்துவர் பலரின் வழக்கம்.

எனவே, மருந்துகளை ஒப்பிடுவார்க்கு வலிமை ஒன்றே அளவுகோல் ஆகாது. நோவு தணிய வேண்டும். குருதி நிற்க வேண்டும். மூச்சு தடையின்றி நடைபெற வேண்டும். முத்துக்காக ஒரு கணம் அவ்வாயிலை அடைத்த குளிகாரன், அது மீளத் திறத்தலிலேயே உயிர் உளது என்பதை மறந்தானல்லன். மருத்துவனும் மறத்தலாகாது.