முடிவிலியின் கதை: ஸ்டோன் பிடித்த கிளை

எத்தனை வெற்றற்ற கணங்கள் இருந்தாலும் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பைத் தேரலாம் என்னும் தேர்வு அடிகோளை முழுதாக ஏற்கத் தயங்கியவர்கள் அதைத் துண்டு துண்டாக ஏற்றார்கள். முதல் துண்டு எண்ணத்தக்க தேர்வு: எண்ணத்தக்க அளவிலான கணங்களுக்கு மட்டும். அதைவிட வலுவானது 1942-இல் பால் பெர்னைஸ் வகுத்த சார்புத் தேர்வு: ஒவ்வொரு தேர்வும் முந்தையதைப் பொறுத்தே அமையும். பகுப்பாய்வின் அன்றாடத் தேவைகள் பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். அந்த அடிகோளை முன்வைத்த செர்மெலோவைச் சாடிய லெபெக்கின் அளவைக் கோட்பாட்டுக்கே எண்ணத்தக்க தேர்வு தேவைப்பட்டது. அதைக் கவனிக்காமலே சாடியதுதான் வேடிக்கை.

இந்த வரிசையில் சேராதது பூலியன் பிரைம் ஐடியல் தேற்றம். அதை 1936-இல் நிறுவிய மார்ஷல் ஸ்டோன் இத்தொடரிலேயே சுவையான மனிதர். பின்னாளில் அமெரிக்கத் தலைமை நீதிபதியான ஹார்லன் ஸ்டோனின் மகன். சட்டம் படிப்பார் என்று வீட்டில் எதிர்பார்க்க, 1919-இல் ஹார்வர்டு சென்றவரைக் கணிதம் இழுத்துக்கொண்டது. ஹில்பர்ட் வெளி பற்றி 600 பக்கங்களைத் தாண்டிய நூலை 1932-இல் வெளியிட்டார். அந்த ஆய்வில் எதிர்ப்பட்ட வீழல்கள் பூலியன் இயற்கணிதமாக அமைவதைக் கண்டு அந்தத் துறைக்குள் நுழைந்தார். எந்தப் பூலியன் இயற்கணிதத்தையும் ஏதோ ஒரு கணத்தின் உட்கணங்களைக் கொண்டு உருவகிக்கலாம் என்பது அவர் முடிவு; இது பிரைம் ஐடியல் தேற்றத்துக்குச் சமமானது. தேர்வு அடிகோளைக் கையாள அவருக்குத் தயக்கமே இல்லை. அந்தத் துணிவு பாராட்டத்தக்கது.

1946-இல் சிகாகோ பல்கலைக்கழகக் கணிதத் துறைக்குத் தலைமையேற்று வெய்ல், செர்ன், சிக்மண்ட், மக்லேன் ஆகியோரைத் திரட்டினார். ஊர் சுற்றுவதில் தீராத ஆசை. இந்தியப் பயணமொன்றின்போது 1989 ஜனவரி 9 அன்று சென்னையில் காலமானார். அதே சென்னையில் ஆர். வைத்தியநாதசுவாமி 1947-இல் வெளியிட்ட இடவியல் நூலும் உட்கணங்களின் இயற்கணிதத்திலிருந்தே தொடங்குகிறது.

ஸ்டோனின் தேற்றம் தேர்வு அடிகோளுக்குச் சமமா? இல்லை. ஹால்பெர்னும் லெவியும் 1971-இல் வெளியிட்ட நிரூபணம் அதைத் தீர்த்தது. கோஹனின் கணக்கோட்பாட்டு மாதிரி ஒன்றில் ஸ்டோனின் தேற்றம் செல்லும். ஆனால் எண்ணத்தக்க தேர்வுகூடப் பொய்க்கும். மறுபுறம் 1970-இல் சொலவே, எட்டவியலா எண்ணளவை ஒன்று உண்டெனக் கொண்டு அமைத்த மாதிரியில் சார்புத் தேர்வு நிலைக்கிறது, ஸ்டோனின் தேற்றம் விழுகிறது. ஆக, ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவிக்க முடியாது.

ஸ்டோனின் தேற்றத்துக்குக் கீழே ஹான்–பனாக் தேற்றம். அது இன்னும் வலுக்குறைந்தது என்று பின்கஸ் 1970-களில் காட்டினார். அந்த அளவே ஒரு பந்தை வெட்டி இரண்டாக்கும் பனாக்–டார்ஸ்கி முரணுக்குப் போதும் என்று பாவ்லிகோவ்ஸ்கி 1991-இல் நிறுவினார். ஹால்பெர்ன்–லெவி நிரூபணத்தின் உள்விவரம் அடுத்த இதழில்.