ஜீவனாம்சம்

விவாகரத்துச் செய்தி வந்தால் ‘மனைவிக்கு ஜீவனாம்சம்’ என்றே எழுதுகிறார்கள். பிள்ளைக்கும் அதில் உரிமை உண்டு என்பது மறைந்துபோகிறது. ஜீவனம் பிழைப்பு, அம்சம் பங்கு. அதே வேரிலிருந்து சோழர் கல்வெட்டில் வரும் ‘சீவிதம்’, ஊழியத்துக்கு ஈடாக விடப்பட்ட நிலம். ஜமீன்களில் பட்டமேறாத தம்பிகளுக்கும் ஜீவனாம்சம் இருந்தது. சொத்துள்ள வீட்டுப் பங்காகவே புழங்கிய சொல், கூலி வீட்டுக்கு வந்ததும் கனத்துவிட்டது. ஜீவனாம்சம் கேட்க வழிசெய்த, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆம் பிரிவு, இன்றைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. தக்க காரணமின்றி ஒரு மாதப் பணத்தை நிறுத்தினால் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போனவருக்குக் கூலி இல்லை, பாக்கியும் கழியாது, பிள்ளையின் தட்டில் எதுவும் விழாது. வசதியிருந்தும் ஏய்ப்பவரை விடக்கூடாது. ஆனால் அன்றாடங்காய்ச்சியிடம் அந்தக் ‘காரணத்தை’ப் பொறுமையாகக் கேட்டாக வேண்டும். மாற்றுச்சொல்லாக வந்த ‘பராமரிப்புத் தொகை’ அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் லிஃப்டுக்கும் போய்விட்டது. பிள்ளைக்கு உரியதை நான் ‘வளர்ப்புப்படி’ என்பேன். தானியம் அளந்த படிதான் பஞ்சப்படி, பயணப்படி ஆயிற்று. சோறு போடுகிறவரைப் ‘படியளக்கிறவர்’ என்கிறோம். அந்தப் பணம் யாருக்கு என்பதில் இச்சொல் சந்தேகம் வைக்காது.