கிட்டார் ஒன்னு, டியூனிங் பல... ஒரு பெடல் போதுமா?

அடுத்த பாட்டைப் பாடகர் ஒரு செமிடோன் இறக்கிப் பாட வேண்டும் என்கிறார். உங்களிடம் இருப்பதோ ஒரே கிட்டார். மேடையில் ஆறு கம்பிகளையும் தளர்த்திச் சுருதி சேர்க்க நேரமில்லை. அதுவும் ஃபிளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் வைத்த கிட்டார் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு கம்பியைத் தொட்டால் மற்ற ஐந்தும் நகர்ந்துவிடும்!

இதற்குத்தான் பலர் 'பிட்ச் ஷிஃப்டர்' பெடலை நாடுகிறார்கள்.

அது என்ன செய்கிறது?

கிட்டாரிலிருந்து வரும் ஒலியை வாங்கி, எல்லாச் சுரங்களையும் ஒரே அளவு ஏற்றியோ இறக்கியோ ஆம்ப்புக்கு அனுப்புகிறது. தடித்த 'இ' கம்பி நொடிக்குச் சுமார் 82 முறை அதிரும். இரண்டு செமிடோன் இறக்கினால் ஆம்ப்பில் கேட்பது சுமார் 73. கம்பி மட்டும் இன்னும் 82இல்தான் அதிர்ந்துகொண்டிருக்கும்.

டியூனிங்கை இறக்குவதற்கென்றே வந்த டிஜிடெக் டிராப் பெடலில் ஒன்று முதல் ஏழு செமிடோன் வரை, அல்லது ஓர் ஆக்டேவ், இறக்கலாம்.

கொஞ்சம் லேட்டா கேட்குதே?

ஆமாம். 82 அதிர்வு என்றால் ஓர் அதிர்வுக்கே சுமார் 12 மில்லிவிநாடி. அலையைக் கொஞ்சமாவது 'கேட்ட' பிறகுதான் பெடலால் அதை மாற்ற முடியும். 10 மில்லிவிநாடி தாமதம் என்பது ஆம்ப்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதுபோல. மெதுவான பாட்டில் தெரியாது. வேகமான ரிஃப் வாசித்தால் விரல் கண்டுபிடித்துவிடும். ஒன்று, இரண்டு செமிடோனுக்கு ஒலி நன்றாகவே இருக்கும். ஐந்து, ஆறு என்று போனால் செயற்கைத்தனம் எட்டிப் பார்க்கும்.

'டிராப் டி' கிடைக்குமா?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'டிராப் டி'யில் தடித்த கம்பி மட்டுமே இறங்க வேண்டும். பெடலோ ஆறையும் சேர்த்தே இறக்கும். அந்த ஒரு கம்பியை நீங்களே திருகி இறக்கிவிடுங்கள். அதன்பின் பெடலில் இரண்டு செமிடோன் குறைத்தால் 'டிராப் சி' தயார்.

கைக்குக் கிடைக்கும் உணர்வும் மாறாது. பிளாக் சபாத் குழுவின் டோனி ஐயோமி, தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாடல்களுக்குக் கிட்டாரை மூன்று செமிடோன் இறக்கினார். கம்பி தளர்ந்தால் விரலுக்குச் சுலபம். அந்தத் தளர்வை எந்தப் பெடலும் தராது.

ராத்திரியில் அடுக்குமாடி வீட்டில் சத்தம் குறைத்து வாசிப்பவரா நீங்கள்? ஆம்ப்பில் ஒரு சுரம், கம்பியிலிருந்து நேரடியாக இன்னொரு சுரம் என இரண்டும் காதில் மோதும். ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வது நல்லது.

பெடலை எங்கே வைப்பது?

டிஸ்டார்ஷனுக்கு முன்னால். சுத்தமான ஒலி வந்தால்தான் பெடல் சுரங்களைச் சரியாகப் பிரித்தறியும். டியூனர் இருந்தால் அதை இன்னும் முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால், சரியாக இருக்கும் 'இ' கம்பியை அது 'டி' என்று காட்டும். நீங்களும் திருக ஆரம்பித்துவிடுவீர்கள்.