வெள்ளாவி முதல் மொட்டைமாடி வரை: கொங்கு நாட்டில் படுக்கைத் துணி வெளுத்த வரலாறு

கொங்கு நாட்டுப் பெரிய குடும்பங்களில் ஆளுக்கொரு படுக்கை இருந்ததில்லை. தோட்டத்துச் சாளையானாலும் ஊருக்குள் இருக்கும் தொட்டிக்கட்டு வீடானாலும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் படுத்தார்கள். ஆண்களுக்கு வாசலில் கயிற்றுக் கட்டில் அல்லது திண்ணை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆசாரம் என்னும் கூடம். ஒரு ஜமுக்காளத்தை விரித்தால் ஐந்தாறு குழந்தைகள் வரிசையாகப் படுத்துவிடும். மேலே போர்த்திக்கொள்ள இரண்டு பேருக்கு ஒரு துப்பட்டி, அல்லது நைந்துபோன பழஞ்சேலை. கம்பளி வயதானவர்களுக்கும் தோட்டத்துக் காவலுக்குப் போகிறவர்களுக்கும் உரியது. மொத்தத்தில் வீட்டில் இருந்த படுக்கைத் துணிகள் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் கனமானது, ஒவ்வொன்றும் பலருக்குப் பொதுவானது. இரவில் ஒரு குழந்தை நனைத்துவிட்டால் காலையில் ஆறு குழந்தைகளின் படுக்கையும் வெயிலுக்குப் போக வேண்டும். அந்தக் குடும்பங்களின் சலவைக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

எல்லாப் படுக்கைத் துணிகளும் ஒரே மாதிரி வெளுக்கப்படவில்லை. கோயமுத்தூர்ப் பகுதிக்கே உரிய குரும்பை ஆட்டின் முரட்டு மயிரில் குறும்பர்கள் நெய்த கம்பளி, கொதிநீரில் பட்டால் சுருங்கித் தடித்துவிடும். ஆகவே அதை உதறி, குச்சியால் தட்டி, நல்ல வெயிலில் காயப்போடுவதே வழக்கம். துவைத்தே ஆக வேண்டுமென்றால் பச்சைத் தண்ணீரும் பூந்திக்கொட்டையும்தான். பவானி ஜமுக்காளம் காலத்தால் பிற்பட்டது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து ஆலைத் துணி வந்து குவிந்தபோது, பவானியிலிருந்த ஜங்கமர் நெசவாளர்கள் முரட்டு நூலுக்குச் சாயமேற்றி நெய்யத் தொடங்கிய விரிப்பு அது. அகலமான பட்டைகளும் அடர்ந்த நிறங்களும் அதன் அடையாளம். அழுக்கை எளிதில் காட்டாத அந்த நிறங்கள், பத்துப் பேர் புழங்கும் வீட்டுக்குப் பெரிய உதவி. காரத்தில் ஊறினால் சாயம் இறங்கிவிடும் என்பதால் ஜமுக்காளத்தை வெள்ளாவியில் வைக்கமாட்டார்கள். வண்டி கட்டி ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ கொண்டுபோய், ஓடும் நீரில் அலசி, ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்து முறுக்கிப் பிழிவார்கள்.

வெள்ளைத் துணிகளின் வழி வேறு. வேட்டி, துப்பட்டி, தலையணை உறை, பிள்ளைகளுக்கு விரிக்கும் பழந்துணி எல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டு வண்ணார் வீட்டுக்குப் போயின. துணி வெளுப்பது தமிழ்நாட்டில் மிகப் பழைய தொழில். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் கஞ்சிப் பசை தோய்த்துத் துணி வெளுக்கும் புலைத்தி வருகிறாள். பழந்தமிழகத்தின் தொழில் ஊரான கொடுமணல், சென்னிமலைக்கு அருகே நொய்யல் கரையில்தான் இருக்கிறது. அங்கு நடந்த அகழாய்வுகளில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்திருக்கின்றன. நூலும் நெசவும் இருந்த கரையில் வெளுப்பும் இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

வண்ணாரின் முதல் மூலப்பொருள் உவர்மண். காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கத்துக் காய்ந்த நிலங்களில் மழை ஈரம் உலர்ந்ததும் தரையில் வெள்ளையாகப் பூக்கும் மண் அது. அதிலிருக்கும் சோடா உப்பு, துணியில் ஏறிய எண்ணெயோடும் வியர்வைப் பிசுக்கோடும் சேர்ந்து தானே சவுக்காரம் போல வேலை செய்யும். படுக்கைத் துணியில் இருப்பது பெரும்பாலும் தலை எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கு உவர்மண்ணைவிடப் பொருத்தமான மருந்து அந்நாளில் வேறில்லை. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரில் துணியை முக்கிப் பிழிந்து வைப்பார்கள். பிறகு வெள்ளாவி. அடுப்பின்மேல் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க, அதன் வாயைச் சுற்றி மேலே துணிகளைக் கோபுரம்போல அடுக்கி மூடிக் கட்டிவிடுவார்கள். பனைமட்டையும் முள்விறகும் இரவெல்லாம் எரியும். ஆவி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் புகுந்து ஏறும். அழுக்கு இளகுவதோடு பேனும் மூட்டைப்பூச்சியும் அவற்றின் முட்டையும் அந்தச் சூட்டில் செத்துவிடும். கிருமி என்ற சொல் ஊருக்குள் வருமுன்பே கிருமியை அழிக்கும் வேலை வண்ணார் வீட்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது.

விடிந்ததும் மூட்டைகள் கழுதைமேல் ஏறித் துறைக்குப் போகும். கல்லில் அடித்து, அலசி, மணலிலும் புல்லிலும் விரிப்பார்கள். பாதி காய்ந்ததும் தண்ணீர் தெளித்து மறுபடி காயவைப்பதும் உண்டு. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் படும்போதுதான் பழுப்பு போகும். கடைசியில் கஞ்சியும் நீலமும். இருபது முப்பது வீட்டுத் துப்பட்டிகள் ஒரே வெள்ளாவியில் கலந்து வெந்தாலும், சாயங்காலம் அவை வீடு மாறாமல் போய்ச் சேர்ந்தன. சேங்கொட்டைப் பாலால் துணியின் ஓரத்தில் போட்ட குறிதான் காரணம். சுண்ணாம்பு பட்டதும் கறுத்துவிடும் அந்தக் கறை எந்த வெள்ளாவியிலும் போகாது. எழுதப் படிக்கத் தெரியாத வண்ணார் வீட்டுப் பெண், ஊரின் அத்தனை வீட்டுக் குறிகளையும் மனதில் வைத்திருந்தாள்.

இந்த உழைப்புக்குக் காசு கிடையாது. அறுவடையின்போது களத்தில் ஆண்டுக்கொரு முறை தவசம் அளப்பார்கள்: கம்பு, சோளம், ராகி, வாய்க்கால் பாசன ஊர்களில் நெல். அன்றாடம் சாயங்காலம் வீடுவீடாகப் போய்ச் சோறு வாங்கிக்கொள்ளலாம். மழை பொய்த்த ஆண்டில் களம் சுருங்கும், வண்ணாரின் பங்கும் சுருங்கும். அழுக்கு மூட்டை மட்டும் சுருங்காது. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களின் நடுவில் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்து, கொங்குச் சமூகம் பற்றி 1972-ல் வெளியிட்ட நூல், ஊர்த் தொழில் சாதிகளுக்கும் நிலமுடைய குடும்பங்களுக்கும் இடையே இருந்த இந்த உறவுகள் இன்னும் உயிரோடிருந்த காலத்தைச் சேர்ந்தது.

வண்ணார் துணி வெளுப்பவர் மட்டுமல்ல. தூய துணிக்கு அவரே பொறுப்பாளி. கொங்குத் திருமணங்களில் விரிக்கும் ‘மாத்து’ என்னும் வெளுத்த துணி அவர் கொண்டுவருவது. பெண் வயதுக்கு வந்த வீட்டிலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் இழவு விழுந்த வீட்டிலும் படுக்கைத் துணிகளை எடுத்துப்போய் வெளுத்துக் கொடுத்தால்தான் தீட்டுக் கழியும். பேறுகாலத் துணியைத் துவைத்தவர்கள் பெரும்பாலும் வண்ணார் வீட்டுப் பெண்கள். ஊரின் தூய்மை முழுவதையும் சுமந்த குடும்பத்தையே ஊர் தாழ்வாக நடத்தியது, வாசலோடு நிறுத்தியது. தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார் நிலை அதைவிடக் கொடுமை. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் அவர்கள் பகலில் பிறர் கண்ணில் படுவதே குற்றமாகக் கருதப்பட்டது. பெரிய குடும்பங்களின் வெளுத்த துப்பட்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உடுத்தும் துணி அடிக்கடி வெளுப்புக்குப் போனாலும் படுக்கைத் துணிக்கு ஆண்டின் ஓட்டத்தில் தனி நாட்கள் இருந்தன. எல்லாவற்றிலும் பெரியது மார்கழிக் கடைசி. பூலாப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் கூரையில் செருகும் காப்புக்கட்டு நாளுக்குள் வீட்டை வெள்ளையடித்து, பாய் முதல் கம்பளி வரை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுச் சுத்தம் செய்துவிட வேண்டும். மாரியம்மன் நோம்பி சாட்டினாலும் இதே பரபரப்புதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று கனத்த ஜமுக்காளத்தையும் அரை நாளில் காயவைத்துவிடும், புழுதி மட்டும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரிய துணி எதையும் நனைக்கமாட்டார்கள்.

அம்மை கண்ட வீட்டுக்கு விதி வேறு. அந்த வீட்டுத் துணி வெளுப்புக்குப் போகாது. நோயாளி வேப்பிலை பரப்பிய துணியில் கிடப்பார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை படுக்கை வாசல் தாண்டாது. அம்மன் கோபிப்பாள் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் பெரியம்மைக் கிருமி உதிர்ந்த பொருக்குகளோடு படுக்கைத் துணியில் தங்கிப் பரவக்கூடியது. வேறு நாடுகளில் சலவைக்காரர்கள் அப்படி நோய்ப்பட்டதும் உண்டு. ஆகவே அந்த விலக்கு வண்ணார் குடும்பத்தையும், அவர் கையிலிருந்த மற்ற வீட்டு மூட்டைகளையும் காத்த நல்ல வழக்கம் என்றே கொள்ளலாம். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-ல் கண்டறியப்பட்டார். இந்த வழக்கம் சின்னம்மைக்கு இன்றும் பல வீடுகளில் தொடர்கிறது.  

கோயமுத்தூர் நகரத்தில் வெளுப்பின் கதை தண்ணீரின் கதை. நொய்யல் நீரைத் தேக்கிய உக்கடம், சிங்காநல்லூர், சூலூர்க் குளங்களின் கரைகள் துறைகளாகவும் இருந்தன. வீட்டுக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்புத்தண்ணி. அதில் சவுக்காரம் நுரைக்காது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிந்து, துணியில் சாம்பல் நிறமாகப் படியும். சிறுவாணி நீரைக் கொண்டுவரும் யோசனையை 1889-ல் எழுப்பியவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் காலத்து முயற்சியில்தான் அது நிறைவேறியது. ஆனால் இனிய சிறுவாணி நீர் குடிக்கவும் சமைக்கவுமே வைத்துக்கொள்ளப்பட்டது, துவைக்க உப்புத்தண்ணிதான். தெருவில் நல்ல தண்ணிக் குழாயும் உப்புத்தண்ணிக் குழாயும் தனித்தனியே இருந்ததைக் கோவைக்காரர்கள் அறிவார்கள்.

1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்சாரம் பிறந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் உருவாக்கினார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மெல்ல மெல்ல மோட்டார் ஏறியது. அது வேளாண்மைக்காக வந்ததுதான். ஆனால் படுக்கைத் துணி வெளுப்பையும் அதுவே மாற்றியது. மோட்டார் ரூமுக்கு முன்னால் தொட்டியில் மணிக்கணக்காகக் கொட்டும் தண்ணீர், ஆற்றுத் துறையைத் தோட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டது. இன்னொரு பக்கம் ஆலை வேலை வண்ணார் வீட்டு இளைஞர்களுக்குக் கைக்காசு கொடுத்தது. குடும்பங்கள் பாகம் பிரிந்தன, களத்தில் தவசம் அளப்பது குறைந்தது. மூட்டை கட்டி அனுப்பும் வழக்கம் ஊர் ஊராக நின்றது.

அந்த மூட்டை யார் தலையில் இறங்கியது? வீட்டு மருமகள்களின் தலையில். கரண்ட் வரும் நேரம் பார்த்து, சோறாக்கி முடித்து, பத்துப் பேர் படுத்த துணிகளைத் தொட்டிக் கல்லில் அடித்தவர்கள் அவர்கள். ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட இழிவு ஓரளவு குறைந்தது நல்லதே. ஆனால் வேலை குறையவில்லை; கூலியாகச் சிறிதாவது தவசம் அளந்த வேலை, கூலியே இல்லாத வேலையாக மாறியது. அவர்களுக்கு உதவியது சோப்புத்தூள். 1959-ல் சர்ஃபும் 1969-ல் நிர்மாவும் வந்தன. பழைய சவுக்காரம்போல இவை உப்புத்தண்ணியில் திரிந்துவிடுவதில்லை. உப்புத்தண்ணி ஊர்கள் நிறைந்த கொங்குப் பகுதிக்கு விலை மலிவான தூள் பெரிய விடுதலையாக இருந்தது.

இதே காலத்தில் துணிகளின் எண்ணிக்கையும் பெருகியது. சென்னிமலைக் கூட்டுறவுச் சங்கங்களின் கைத்தறிப் போர்வைகள், ஈரோட்டுச் சந்தையில் குவிந்த விசைத்தறிப் பெட்ஷீட்டுகள், 1970-களிலிருந்து வெளிநாடுகளுக்குப் படுக்கை விரிப்பு அனுப்பத் தொடங்கிய கரூர் என்று கொங்கு நாடே படுக்கைத் துணி நெய்யும் நாடானது. கட்டில், மெத்தை, அதற்கொரு விரிப்பு, ஆளுக்கொரு போர்வை, தலையணைக்கு உறை. நான்கு பேர் உள்ள இன்றைய வீட்டில், பன்னிரண்டு பேர் இருந்த பழைய வீட்டைவிட அதிகப் படுக்கைத் துணிகள் இருக்கின்றன.

நெசவு வளர்த்த சாயத்தொழில், துணி வெளுத்த ஆற்றுத் துறைகளை அழித்தது. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிடும்வரை விவகாரம் முற்றியது. கொடுமணலை ஒட்டிய அதே ஆற்றில், வெள்ளைத் துணியை நனைக்க முடியாத காலமும் வந்துவிட்டது. சலவைத் தொழிலாளர்களில் பலர் இன்று தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார்கள். சிலர் விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் விரிப்பு வெளுக்கிறார்கள். அரசுப் பட்டியலில் வண்ணார் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்.

1980-களின் பிற்பகுதியிலிருந்து பரவிய வாஷிங் மெஷின், பெட்ஷீட்டையும் தலையணை உறையையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. போர்வெல் நீரின் உப்பு அதன் குழாய்களிலும் படிகிறது. பவானி ஜமுக்காளத்துக்கு மட்டும் அதில் இடமில்லை. நனைந்தால் ஏறும் கனத்தை வீட்டு மெஷின் தாங்காது. பொங்கலுக்கு முந்தின வாரத்தில் கோவைத் தெருக்களில் அண்ணாந்து பார்த்தால் அது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்குவது தெரியும். தரையில் விரித்து, சோப்புத்தூள் தூவி, பிரஷ்ஷால் தேய்த்து, ஹோஸ் பிடித்து அலசி, இன்றும் இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துத்தான் அதைப் பிழிகிறார்கள்.