ஒரே பைக், 47 வருஷம்: பர்ட் மன்ரோவின் ஷெட்

பழைய பைக் ஒன்றை வீட்டிலேயே பிரித்து, நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டுவதைப் பற்றி ஒரு எபிசோட் பண்ணச் சொல்லி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. கஃபே ரேசர், பாபர், சாப்பர்னு இன்னைக்கு இதுக்கு ஏகப்பட்ட பெயர் இருக்கு. இதோட வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, நான் திரும்பத் திரும்ப ஒரே ஆள்கிட்ட வந்து நின்னேன். நியூசிலாந்துக்காரர். பெயர் பர்ட் மன்ரோ.

சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 2005-இல் ரோஜர் டொனால்ட்சன் இயக்கி, ஆன்டனி ஹாப்கின்ஸ் நடித்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' இவருடைய கதைதான். எனக்குப் பிடிச்ச படம். ஆனா படத்தைப் பார்த்துட்டு எழுந்தா, ஒரு வயசானவர் அமெரிக்கா போனார், உப்புப் பாலைவனத்துல வண்டியை விரட்டினார், ஜெயிச்சுட்டு வந்தார் என்கிற நினைப்புதான் மிஞ்சும். அந்த வண்டி எப்படி அந்த வண்டியா ஆச்சு என்பதற்குப் படத்தில் கொஞ்சம்தான் இடம். இன்னைக்கு நாம அந்த ஷெட்டுக்குள்ள போகலாம்.

88 கிலோமீட்டர் ஓடிய வண்டி

முதலில் ஒரு விளக்கம். 'இந்தியன்' என்றதும் நம்ம நாட்டு வண்டின்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தில் 1901-இல் தொடங்கிய கம்பெனியின் பிராண்ட் அது. அவர்களுடைய ஸ்கவுட் மாடல் 1920-இல் வந்தது. 600 சிசி, வி வடிவத்தில் இரண்டு சிலிண்டர். அதிகபட்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர். அந்தக் காலத்துக்கு அது நல்ல வேகம்.

மன்ரோ 1899-இல் இன்வர்கார்கிலில் பிறந்தவர். நியூசிலாந்தின் தென்கோடியில் இருக்கிற ஊர் அது. விவசாயக் குடும்பம். 1920-இல் ஸ்கவுட்டை வாங்கினார். 1926 வாக்கில் அதைப் பிரித்து மாற்ற ஆரம்பித்தார். பகலில் மோட்டார் சைக்கிள் விற்கிற வேலை, ராத்திரியில் ஷெட். வெலோசெட் ஒன்றும் வைத்திருந்தார், அதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஸ்கவுட்தான்.

அந்த இன்ஜினில் முதல் பிரச்சினையே அதன் மூச்சுதான். அது சைடு வால்வு இன்ஜின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும். உள்ளே வருகிற காற்றும் பெட்ரோலும் வளைந்து திரும்பித்தான் பிஸ்டன் தலைக்கு மேல் வந்து சேரணும். மெதுவாக ஓடும்போது அது பெரிய விஷயமில்லை. வேகம் ஏற ஏற அந்த வளைவிலேயே மூச்சு முட்டும். மன்ரோ வால்வுகளைத் தலைக்கு மேல் கொண்டுபோய், அந்த இன்ஜினை ஓவர்ஹெட் வால்வு இன்ஜினாக மாற்றினார். கேட்க ஒரு வரிதான். ஆனால் சிலிண்டர் தலை, கேம், வால்வைத் தள்ளுகிற கம்பி, ஆயில் போகிற வழி என்று ஒன்றைத் தொட்டால் எல்லாமே மாறணும்.

கடையில் இல்லாத பார்ட்ஸ்

அந்த பார்ட்ஸுக்கு எங்கே போவது? நியூசிலாந்து ஒரு மூலையில் இருக்கிற நாடு. 1938 கடைசியில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து, அரசு இறக்குமதிக்கு லைசென்ஸ் முறை கொண்டுவந்தது. நினைத்த பொருளை நினைத்த நேரத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியாது. பிறகு போர். 1953-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தியன் உற்பத்தியே நின்றுபோனது. இதெல்லாம் இல்லாவிட்டாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. 88-இல் ஓடுவதற்காகச் செய்த வண்டிக்கு, அவர் நினைத்த வேகத்தைத் தாங்குகிற பார்ட்ஸை எந்தக் கம்பெனியும் செய்ததே இல்லை.

அதனால் அவரே செய்தார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து பிஸ்டன் வார்த்தார். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடை, கேட்டர்பில்லர் டிராக்டர் அச்சு இரும்பிலிருந்து கையாலேயே செதுக்கி எடுத்தார். சிலிண்டர், ஃபிளைவீல், கேம், ஆயில் ஓட்டம் எல்லாமே சொந்தத் தயாரிப்பு. அளவு பார்க்க மைக்ரோமீட்டருக்குப் பதில் ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பி.

இதைக் கேட்டதும் 'அடேங்கப்பா, ஜீனியஸ்'னு சொல்லத் தோணும். ஆனா அந்த பார்ட்ஸ் எல்லாம் முதல் தடவையே நின்னுடலை. பிஸ்டன் உருகியது, ராடு முறிந்தது, இன்ஜின் வெடித்தது. உடைந்ததை அவர் தூக்கிப் போடவில்லை. ஷெட்டில் ஓர் அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்தார். அதன்மேல் எழுதியிருந்த வாசகத்தைத் தமிழில் சொன்னால், 'வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கைகள்'. டொனால்ட்சன் 1971-இல் மன்ரோவைப் பற்றி எடுத்த டாக்குமென்டரிக்கும் அந்த வாசகத்தையே தலைப்பாக வைத்தார். படத்துக்கு 34 வருஷம் முன்னாடி வந்த டாக்குமென்டரி அது. மன்ரோ அப்போது உயிரோடு இருந்தார்.

என்னைக் கேட்டால், அந்த ஷெட்டிலேயே ரொம்ப முக்கியமான பொருள் அந்த அலமாரிதான். உடைந்த ஒரு ராடைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். அடுத்த ராடில் அங்கே சதை கூட்டலாம். உருகின பிஸ்டனைப் பார்த்தால் சூடு எங்கே தேங்கியது என்று தெரியும். புத்தகமோ மேனுவலோ இல்லாத வேலைக்கு அந்த அலமாரிதான் மேனுவல்.

அவருக்கு அமைந்த இன்னொரு வசதி ஒரெட்டி கடற்கரை. இன்வர்கார்கில் பக்கத்தில், 25 கிலோமீட்டருக்கு மேல் நீளமான, கெட்டியான மணல். ராத்திரி செய்த மாற்றம் சரியா தப்பா என்று அங்கே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

இதுக்கு ஒரு விலையும் இருந்தது

கஸ்டம் பைக் கதைகளில் நாம அதிகம் பேசாத பகுதி இது. மன்ரோவுக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருந்தாங்க. விவாகரத்து ஆனது. பிறகு வேலையையும் விட்டுவிட்டு, ஒரு கேரேஜிலேயே வாழ ஆரம்பித்தார். இரும்பும் ஆயிலும் இருக்கிற அறையில்தான் தூக்கமும் சாப்பாடும். ராத்திரி பகலா ஷெட்டில் கிடந்தவர் என்று சொல்லும்போது, அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

உப்பு மேல்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கிறது போனவில் உப்புச் சமவெளி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டையான, வெள்ளை வெளேரென்ற தரை. உலகத்தின் வேகப் பைத்தியங்கள் கூடும் இடம். மன்ரோ முதல் தடவை அங்கே போனது சும்மா பார்த்துவிட்டு வரத்தான். பிறகு ஸ்கவுட்டோடு போனார். 1962-இல், 63 வயதில், 850 சிசி ஆக்கியிருந்த இன்ஜினோடு மணிக்கு 288 கிலோமீட்டரில் 883 சிசி பிரிவில் சாதனை. 1966-இல் 1000 சிசி பிரிவில் 270. 1967-இல், 68 வயதில், 950 சிசி இன்ஜினோடு அதே பிரிவில் 296. வண்டிக்கு அப்போது வயது 47.

இங்கே ஒரு சின்ன கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். 88-இலிருந்து 296-க்குப் போக, வண்டியின் உருவம் மாறாமல் இருந்தால், கிட்டத்தட்ட 38 மடங்கு சக்தி வேணும். ஆனா இன்ஜின் கொள்ளளவு 600-இலிருந்து 950 ஆனது, அவ்ளோதான். மீதி எங்கிருந்து வந்தது? ஒன்று, அந்த வால்வு, கேம் வேலைகள். இன்னொன்று, வண்டியை முழுசாக மூடிய மீன் மாதிரியான ஓடு. அதுக்குள்ள மன்ரோ வண்டிமேல் குப்புறப் படுத்து ஓட்டினார். இன்ஜினில் எவ்வளவு வேலை பார்த்தாரோ, அதே கவனத்தைக் காற்றின் மேலும் வைத்தார்.

சாதனையைக் கணக்கிடும்போது போக ஒரு ஓட்டம், வர ஒரு ஓட்டம் ஓடி, சராசரி எடுப்பாங்க. காற்று ஒரு பக்கமாக உதவினாலும் சமமாகிவிடும். 1967-இல் வடக்கு நோக்கி மணிக்கு 184.710 மைல், தெற்கு நோக்கி 183.463 மைல். நீங்களே கூட்டி இரண்டால் வகுத்துப் பாருங்க: 184.087 வரும். ஆனால் ஏட்டில் பதிவானது 183.586. கிட்டத்தட்ட அரை மைல் குறைவு.

இந்தத் தப்பைப் பல வருஷம் கழித்துக் கண்டுபிடித்தது அவருடைய மகன் ஜான். 2014-இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் சங்கம் கணக்கைத் திருத்தியது. மன்ரோ 1978 ஜனவரியிலேயே இறந்துவிட்டார், 36 வருஷம் ஆகியிருந்தது. ஷெட்டுக்குப் போய்விட்ட அப்பாவுக்குச் சேர வேண்டிய அரை மைலை மகன் வாங்கித் தந்திருக்கிறார். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த தகவல் இதுதான்.

அந்த வண்டி இப்போ இன்வர்கார்கிலில் ஒரு ஹார்டுவேர் கடையில் காட்சிக்கு நிற்குது. போல்ட்டு நட்டு வாங்க வர்றவங்க நடுவுல.

வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த பழைய பைக் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். மன்ரோ மாதிரி 300-ஐத் தொடணும்னு அவசியமே இல்லை, அதை ரோட்டில் முயற்சி பண்ணவும் கூடாது. அவரும் அந்த வேகத்தை உப்பு மேல்தான் எடுத்தார். ஆனா ஷெட்டில் ஒரு பலகை அடிச்சு வையுங்க. உடைஞ்ச பார்ட்டைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னாடி, தேதி எழுதி, ஏன் உடைஞ்சதுன்னு ஒரு வரி எழுதி அதில் வையுங்க. இரண்டாவது தடவை அதே இடத்தில் உடைஞ்சா, எங்கே பார்க்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.