தேனீயும் தோட்டத் தொழிலாளியும்

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்னாம் ஆற்றங்கரையில் ஹுத்தான் மெலிந்தாங் என்னும் ஊர் உளது. 1906-ம் ஆண்டில் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர் இவ்வட்டாரத்தில் ஜெண்டராட்டா ரப்பர் கம்பெனியைத் தொடங்கினார். சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டியவர்களுள்ளும் மரம் சீவியவர்களுள்ளும் நம் மக்கள் பலர். ரப்பர் வளர்ந்தது, தென்னை வளர்ந்தது, எண்ணெய்ப்பனையும் வளர்ந்தது. வளர்த்தவன் மட்டும் வளரவில்லை. ஏன்? அவன் வாழ்வு முழுவதும் ஒரே கூலியில் தொங்கியதே காரணமென்போம்.

அதே ரப்பர் மரம் மற்றோரிடத்தில் செய்த நன்மையைப் பார்ப்போம். ரப்பரின் பழைய இலை உதிர்ந்து புதுத் தளிர் விடுங்கால், மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் இனிய நீர் சுரக்கிறது. மார்த்தாண்டத்தில் தை முதல் பங்குனி வரை தேனீக்கள் அதனையே தேனாக்குகின்றன. ஆங்கு 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. கிராம நிலையத்தின் வாயிலாக ஏழைக் குடியானவர்க்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். தேனைத் தனித்தனியே விற்று ஏமாறாமல் கூட்டுறவாக விற்கும் வழக்கமும் அங்கே வேரூன்றியது.

இத்தொழிலுக்கு அடிப்படை ஓர் எளிய உண்மையே. 1851-ல் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார், அடைகளுக்கிடையே ஏறத்தாழ அரை விரற்கடை இடைவெளி இருப்பின் தேனீக்கள் அதனை அடைப்பதில்லை என்று கண்டு, கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியை அமைத்தார். அதற்கு முன் தீயும் புகையும் இட்டு, கூட்டை அழித்து, புழுவோடு சேர்த்துப் பிழிவதே வழக்கம். திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், நமது சிறிய இந்தியத் தேனீக்கேற்ற பெட்டியை வகுத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்தார்க்குப் பயிற்சியளித்தார். அழித்து எடுப்பதினின்று காத்து எடுப்பதற்கு மாறியதே இவ்வரலாற்றின் சாரம்.

இத்தொழிலில் இடரே இல்லையென்று நாம் சொல்லோம். 1991, 1992-ம் ஆண்டுகளில் தாய்லாந்துப் புழுநோய் தென்னிந்தியாவில் பரவிப் பெரும்பாலான கூடுகளை அழித்தது. நோய்க்குத் தப்பிய கூடுகளிலிருந்தே தொழில் மீண்டும் தழைத்தது. ஆதலின், இதனைத் துணை வருவாயாகக் கொள்க. ஒரே பிழைப்பாகக் கொள்ளற்க.

இனி நம் நாட்டைக் காண்போம். 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் பலர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அதற்கு மாற்றாகவே சம்பந்தன் அவர்கள் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். நிலம் வாங்க இயலாதவனுக்கோ வேறு வழி வேண்டும். தேனீ நிலப்பட்டா கேட்பதில்லை, சாதியும் கேட்பதில்லை. கொட்டாத இனமாகிய கெலுலுட் தேனீயை வீட்டு முற்றத்திலேயே பெண்களும் முதியோரும் பேணலாம்.

ஆனால் தேனீ பூக்களை மட்டும் கேட்கும். எண்ணெய்ப்பனையில் அதற்குத் தேன் கிட்டாது. அம்மரத்தின் மகரந்தச் சேர்க்கைக்கென 1981-ல் கமெரூன் நாட்டினின்று கூன்வண்டு கொணரப்பட்டது. தென்னம்பாளையோ தேனீக்கு நல்விருந்து. அப்பாளையைச் சீவி இறக்கிய கள் நம் தொழிலாளரின் கூலியைக் குடித்தது. 1941-ல் கிள்ளான் வேலைநிறுத்தக்காரர் கள்ளுக்கடைகளை மூடக் கோரியதை நாம் மறந்தோமில்லை. அதே பாளை கூலியைப் பறிக்காமல் கூலிக்கு மேல் வருவாய் தரவும் வல்லது.

இதில் ஆற்றின் நலனும் அடங்கியுளது. பெர்னாமின் தென்கரையிலுள்ள கரிமண் சதுப்புக்காடு மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மெல்ல ஆற்றுக்கு விடுகிறது. அந்நீரே தஞ்சோங் காராங் வயல்களை நனைக்கிறது. காட்டில் வடிகால் வெட்டினால் கரிமண் காய்ந்து தீப்பற்றும், ஆறும் மெலியும். காவற்காரன் ஒருவனால் காடு முழுவதையும் காக்க முடியுமோ? காட்டோரத்தில் பத்துப் பெட்டிகள் வைத்தவன், மரம் வீழ்ந்தால் தன் வருவாய் வீழ்வதை அறிவான். தீ வைப்பவனைத் தானே தடுப்பான். வெட்டிய மரம் ஒருமுறை காசு தரும். பூக்கும் மரமோ ஆண்டுதோறும் தரும்.

ஆகவே, நம் சங்கங்கள் மேடைப் பேச்சோடு நில்லாமல், பத்துக் குடும்பங்களைச் சேர்த்துப் பெட்டிகள் வாங்கிப் பயிற்சியளித்து, தேனைக் கூட்டாக விற்க முன்வருமா? பிறர் தோட்டத்தை வளர்த்தது போதும். இனி நம் குடும்பங்கள் வளர வேண்டாமா?